சம்பந்தி உட்கார்ந்த பக்கம்

இக்கட்டால வந்து உட்காருங்க தம்பி. அங்க வேண்டாம், என்ற சோத்தாங்கைப் பக்கம் வாங்க. பீச்சாங்கைப் பக்கம் உட்கார்ந்தா நீங்க பாட்டுக்குப் பேசிட்டிருப்பீங்க, நான் பாட்டுக்குச் சும்மா இருப்பேன். அப்பறம் இந்த ஆளுக்கு என்ன இவ்வளவு திமிருன்னு எந்திரிச்சுப் போயிருவீங்க. இப்பெல்லாம் எனக்கு ரொம்பத் தேவலை. இருந்தாலும் புது ஆளு, எதுக்கு வம்பு.

உள்ள போயிருக்கிறது அப்பாங்களா? உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, சரியாத் தூங்கலை. பயப்படாதீங்க. உள்ள ஊசி கீசியெல்லாம் இல்லை. ஒரு கண்ணாடி மாட்டி விடுவாங்க. சித்தெ கனமா இருக்கும். அதைப் போட்டா ரூமு அப்படியேதான் தெரியும், மேசை தெரியும், சேரு தெரியும், ஆளுக தெரியும். ஆனா அதுக்கு மேல இல்லாத கிளி ஒண்ணு பறக்கும். அந்தக் கிளி போற பக்கமெல்லாம் நாம திரும்பிப் பாக்கோணும். அவ்வளவுதான் வைத்தியம். கேட்டா சின்னப் புள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். அரை மணி நேரம் போட்டுக் கழட்டினா ஒரு காடு உழுத அலுப்பு வரும்.

நம்ம பேரு அர்த்தநாரி. திருச்செங்கோடு. போர் போடற ரிக் வண்டி வெச்சிருந்தேன். ராஜஸ்தான், ஒரிசா, மத்தியப் பிரதேசம், எங்க தண்ணி இல்லையோ அங்கெல்லாம் எங்க ஊர் வண்டி நிக்குமுங்க. அத்தனை ஊர்லயும் அதட்டி வேலை வாங்கின வாயி. கொஞ்சம் சத்தமாத்தான் வரும், தப்பா எடுத்துக்காதீங்க.

இங்க வர்றவங்க எல்லாம் கை வரலை, கால் வரலைன்னு வருவாங்க. நான் ஒரு ஜாங்கிரியால வந்தேனுங்க. சிரிக்காதீங்க, நிசமாத்தான் சொல்றேன்.

எனக்கு ஒரே புள்ளை, சிந்துஜா. கோயமுத்தூர்ல கம்பெனி வேலை. அங்கயே கூட வேலை பாக்கற பையன் கௌதம். ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு. நானும் பெரிய மனசு பண்ணி சரின்னுட்டேன். என்ற சம்சாரம் ராஜாமணியக் கேட்டீங்கன்னா, இவரு சரின்னு சொல்றதுக்குள்ள புள்ளைக்கு நரைச்சுப் போகுமோன்னு பயந்துட்டேன்னு சொல்லுவா. அது அவ பேச்சு.

பையனோட அப்பா சென்னியப்பன். மொடக்குறிச்சிப் பக்கம், மஞ்சள் வியாபாரம். நல்ல மனுசன்தான், ஆனா ரோசக்காரரு. ஒரு சொல்லுப் பொறுக்க மாட்டாரு. எனக்கு அந்த மாதிரி ரோசமெல்லாம் கிடையாது. மரியாதை மட்டும் சரியா இருக்கோணும், வேற ஒண்ணும் வேண்டாம்.

எங்க பக்கத்துல ஒரு வழக்கம் இருக்குதுங்க. சம்பந்தப் பேச்சு முடியற வரைக்கும் அந்த வீட்டுல ஒரு வாய் சோறு திங்க மாட்டோம். காப்பித்தண்ணியோட சரி. பேச்சு முடிஞ்சாத்தான் இலையில உட்காருவோம். அதுக்குக் கை நனைக்கறதுன்னு பேரு. கை நனைச்சாச்சுன்னா சம்பந்தம் முடிஞ்சுதுன்னு அர்த்தம், அப்பறம் யாரும் பின்வாங்கக் கூடாது. அப்படித்தான் எங்க ஒறம்பரை எல்லாரையும் வேன்ல ஏத்திக்கிட்டு மொடக்குறிச்சிக்குப் போனோம். பேச்செல்லாம் சுமுகமா முடிஞ்சுது. நடு இலையில என்னை உட்கார வெச்சாங்க. அதுவரைக்கும் ஒரு கொறை சொல்ல முடியாது.

இலை போட்டா நுனி நம்ம பீச்சாங்கைப் பக்கம் வரோணும், உப்பு, ஊறுகாய், இனிப்பு, வடை எல்லாம் அந்த நுனிப் பக்கம் வைப்பாங்க, உங்களுக்குத் தெரியாததில்லை. அன்னைக்கு எல்லாரும் ஜாங்கிரியக் கடிக்கறாங்க. என்ற மச்சினன் ரெண்டாவது கேட்டு வாங்கறான். என் இலையில ஜாங்கிரி இல்லை. வடை இல்லை. ஊறுகாயும் இல்லை. பொரியலும் கூட்டும் சோறும் மட்டும் கெடக்குது. சரி, வந்துரும்னு நானும் கம்முன்னு இருந்தேன். வரலை. உப்புக் கேட்டேன். பரிமாறுன பையன், இருக்குதுங்களே மாமான்னுட்டுப் போயிட்டான். அப்பறம் சென்னியப்பனே வந்தாரு. ஜாங்கிரி வரலீங்களேன்னேன். வெச்சிருக்குதுங்களே சம்பந்தின்னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு.

நீங்களே சொல்லுங்க. இல்லாத பண்டத்தை இருக்குதுன்னு சொல்லி, அதுக்கு மேல சிரிச்சா எப்படி இருக்கும்? சம்பந்தியானவனை அத்தனை பேரு மத்தியில கேலி பண்றாங்கன்னுதான நெனைப்போம்? இருந்த சோத்தைத் தின்னேன். இலையை மடிச்சேன். நல்ல காரியத்துல இலையை நம்ம பக்கம் மடிக்கோணும், எழவு வீட்டுலதான் அக்கட்டால தள்ளி மடிப்பாங்க. நான் அக்கட்டால தள்ளி மடிச்சேன். எந்திரிச்சுக் கையக் கழுவிட்டு வேன்ல போயி உட்கார்ந்துட்டேன். சென்னியப்பன் சம்சாரம் பாயசப் போசியோட நடு வீட்டுல நின்னுச்சாம். என் புள்ளை மூஞ்சிய நான் பாக்கலை. அவ எந்தப் பக்கம் நின்னான்னு எனக்கு ஞாபகம் இல்லைங்க.

இதுல எனக்கு ஆத்தாமை என்னன்னா, ஒருத்தராவது இந்த மனுசனுக்கு ஒடம்புக்கு என்னமோன்னு கேக்கலை. என்ற மச்சினன் கல்யாணத்துல ஒடைஞ்ச அப்பளத்தை வெச்சாங்கன்னு எந்திரிச்சிருக்கேன். பங்காளி வீட்டுக் காதுகுத்துல ரெண்டாம் பந்தியில உட்காரச் சொன்னாங்கன்னு வாசலோட திரும்பியிருக்கேன். அதுக்கெல்லாம் காரணம் இருந்துது. இதுவும் அது மாதிரின்னு நெனைச்சுக்கிட்டு, அர்த்தநாரி வழக்கம்போல பண்ணிட்டாருன்னு விட்டுட்டாங்க. மூளையில ரத்தம் அடைச்சுக் கெடக்கறவனைப் பாத்து வழக்கம்போலன்னு சொல்லுவாங்களா? இந்த ஒறம்பரைய நம்பி எப்படிங்க காலம் தள்ளறது?

சென்னியப்பன் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாரு, அர்த்தநாரி வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் மேற்கொண்டு பேச்சுன்னு. அவரு வந்து கூப்பிட்டாத்தான் நான் வருவேன்னு நானும் சொல்லி அனுப்பிட்டேன். வீட்டுல இருந்தே கம்பெனி வேலையப் பாத்துட்டிருந்த சிந்துஜா என்கூடப் பேசறதை விட்டுட்டா. சோறு போடுவா, தண்ணி வெப்பா, பேச மாட்டா. அவளுக்கும் என்னைய மாதிரியே புடிவாதம்.

வீட்டுல வேற ஒண்ணொண்ணா நடந்துது. கேட்டுத் தூணை யாரோ நகட்டி வெச்ச மாதிரி வண்டி தெனமும் அதுல உரசும். கொத்தனாரைத்தான் வைதேன். ஒரு நாள் ஷேவிங் பண்ணிட்டு வெளிய கெளம்பினேன். ராஜாமணி பாத்துட்டு ஒண்ணும் சொல்லலை. பாதி மூஞ்சியில தாடி அப்படியே இருக்குதாம், கோவத்துல என்னமோ வேண்டுதல் வெச்சுட்டேன்னு நெனைச்சுட்டாளாம். முப்பது வருசம் குடும்பம் நடத்தினவ நெனைக்கற நெனைப்பப் பாருங்க.

சிந்துஜாதான் நின்னு பாத்தா. பேசாம இருந்தவ அன்னைக்குப் பேசினா. செல்போனை எடுத்து, மொடக்குறிச்சி விருந்துல யாரோ எடுத்த வீடியோவைப் போட்டு, பாருப்பா, உன் இலையிலயே ஜாங்கிரி இருக்குது பாருன்னா. பாத்தேன். இல்லை. இல்லைன்னேன். பொய் சொல்லாதன்னு அழுதா. அப்பறம் என்ன தோணுச்சோ, போனை மெதுவா என்ற சோத்தாங்கைப் பக்கமா நகட்டிக்கிட்டே போனா. எங்கிருந்தோ ஒரு ஜாங்கிரி வந்து இலையில உட்காருது. செல்போன்ல என்ன வேணாலும் பண்ணுவாங்கன்னு சொன்னேன். அவ கோவிச்சுக்கலை. அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. அன்னைக்கே இங்க கூட்டிட்டு வந்துட்டா.

ஸ்கேன் எடுத்தாங்க. மூளையில வலது பக்கம் அடைப்பு, வந்து பல நாள் ஆச்சுன்னாங்க. கண்ணு நல்லாத்தான் இருக்குதாம், கை கால் நல்லாத்தான் ஓடுதாம். பீச்சாங்கைப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை மறந்து போச்சாம். டாக்டருக்கு எங்க ஊர் தெரியும் போல. மலை மேல சாமிக்குப் பாதி ஒடம்பு அம்மனாச்சே, அதனால இடது பக்கத்தை அம்மனுக்கே விட்டுட்டீங்களான்னு கேட்டுச் சிரிச்சாரு. ராஜாமணியும் சிரிச்சா. அவ சிரிச்சுப் பல நாள் ஆச்சு, அதனால நானும் விட்டுட்டேன். கடியாரம் வரையச் சொன்னாங்க. வரைஞ்சேன். எல்லா நம்பரும் ஒரே பக்கம் நிக்குதுன்னாங்க. எனக்கு ஒரு தப்பும் தெரியலை. இல்லாத எடத்தை இல்லைன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?

பெனிட்டான்னு ஒரு அம்மிணிதான் நமக்குப் பயிற்சி குடுக்கறா. நாகர்கோயில்காரப் புள்ளை, படபடன்னு பேசும். மொத வாரம் அதோட எனக்குச் சண்டைதான். கிளி சோத்தாங்கைப் பக்கம் கெளம்பும், நேரா வரும், அப்படியே காணாமப் போயிரும். உங்க மெசினு சரியில்லை அம்மிணின்னு சொன்னேன். கிளி அங்கதான் இருக்குது, நீங்கதான் போகலைன்னா. அப்பறம் கிளி கத்தும், கழுத்தைத் திருப்பச் சொல்லுவா. திருப்பித் திருப்பி ஒரு நாள் கிளி சிக்குச்சுங்க. ஜன்னல்ல உட்கார்ந்திருந்துது. அந்த ரூமுல ஜன்னல் ஒண்ணு இருக்கறதே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். புதுசாப் போட்டீங்களான்னு கேட்டேன், அந்தப் புள்ளை விழுந்து விழுந்து சிரிச்சுது.

கிளி நல்லாப் பழகின பொறவு ஆளுகளை விட ஆரம்பிச்சாங்க. ரோடு தாண்டறதுக்குப் பழகறதாம். கண்ணாடியப் போட்டா பீச்சாங்கைப் பக்கமிருந்து ஒரு பொம்பளை தண்ணிக்குடத்தோட வருவா, சைக்கிள்ல ஒருத்தன் வருவான். பொம்மை மாதிரிதான் இருப்பாங்க, சட்டையில ஒரு கசங்கல் இருக்காது. ஆனாலும் மேல வந்து இடிக்கற மாதிரியே இருக்கும். நான் ஒரு தடவை அந்தச் சைக்கிள்காரனை நல்லா வைது விட்டிருக்கேன்.

இதுக்கு நடுவுல என்ன ஆச்சுன்னா, எனக்கு ஒடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டுச் சென்னியப்பன் பாக்க வந்தாராம். ரோசத்தை எல்லாம் விட்டுப்போட்டு, எளநி வாங்கிக்கிட்டு. இதே பெஞ்சு. ராஜாமணி மருந்து வாங்கப் போயிட்டா. இந்த மனுசன் வந்து பீச்சாங்கைப் பக்கம் உட்கார்ந்துட்டாரு. சம்பந்தி, ஒடம்பு எப்படி இருக்குதுங்கன்னு ரெண்டு தடவை கேட்டாராம். நான் எதுத்த செவுத்தப் பாத்துக்கிட்டு முறுக்குத் தின்னுட்டிருந்தேனாம். எளநியக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ராஜாமணி திரும்பி வர்றப்ப அவரு படியில எறங்கிட்டிருந்தாராம், கூப்பிட்டும் நிக்கலை. ஒடம்பு சரியில்லாதவனைப் பாக்க வந்தா எந்தப் பக்கம் உட்காரோணும்னு விசாரிச்சு உட்கார வேண்டாமா?

அதோட போச்சு. அந்தப் பையனுக்கு வேற எடம் பாக்கறாங்கன்னு பேச்சு வந்துருச்சு. கௌதம் மாட்டேங்கறான், அவங்கப்பா விட மாட்டேங்கறாரு. ஒரு நாள் நான் குளிக்கப் போனேன். கதவு சாத்தியிருக்குது, உள்ள கொழாய் ஓடுது. கொழாய்ச் சத்தத்துக்குள்ள சிந்துஜா அழுவறா. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு தண்ணியத் திறந்து விட்டுட்டு அழுவறா. துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அங்கயே நின்னேனுங்க. ஒடம்புக்கு வந்தப்பக்கூட நான் கலங்கலை தம்பி. அன்னைக்குத்தான் கலங்கிப் போனேன்.

ஆனா நானாப் போயி அந்த வீட்டு வாசல்ல நின்னு கேக்கறது எனக்கு வராது. வராதுன்னா வராது, என்ன பண்றது. அவரு ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும், ஓடியே போயிருவேன். அதை எப்படி அவருக்குச் சொல்றதுன்னுதான் தெரியலை.

அடுத்த வாரம் வழக்கம்போல உள்ள கூப்பிட்டாங்க. கண்ணாடி மாட்டினாங்க. இன்னைக்குக் கிளி ரொம்ப தூரம் போகும், விடாமப் போங்கன்னு பெனிட்டா சொன்னா. கிளி கெளம்புச்சு. மேசை தாண்டுச்சு, ஜன்னல் தாண்டுச்சு. நானும் கழுத்தைத் திருப்பிக்கிட்டே போறேன். பீரோ தாண்டி மூலையில ஒரு சேரு. கிளி போயி அந்தச் சேருல உட்கார்ந்திருந்த ஆளு தோள் மேல உட்கார்ந்துச்சு. பாத்தா சென்னியப்பன்.

அசந்து போயிட்டேனுங்க. கண்ணாடிக்குள்ள சம்பந்தியவே விட்டுட்டாங்களேன்னு நெனைச்சேன். எம்புள்ளை போட்டோ குடுத்திருப்பா, அதை வெச்சுச் செஞ்சிருக்காங்கன்னு முடிவே பண்ணிட்டேன். என்னவொரு வேலைப்பாடு. சட்டை கசங்கியிருக்குது. பாக்கெட்டுல பேனா இருக்குது. நகக்கண்ணுல மஞ்சள் கறை கூட அப்படியே. நல்லாச் செஞ்சிருக்கீங்க அம்மிணின்னு சொன்னேன்.

பொம்மைதானங்க. பொம்மைகிட்ட என்ன மானம், என்ன மரியாதை? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுரலாம்னுதான் ஆரம்பிச்சேன். ஏனுங்க சம்பந்தி, ஒரு ஜாங்கிரிக்கு இத்தனை அலும்பு பண்ணலாங்களான்னு கேட்டேன். அதுக்கு மேல வையறதுக்கு வாய் வரலை. வேற என்னமோ வந்துருச்சு.

"உங்க வீட்டுச் சோறு நல்லாத்தான் இருந்துதுங்க சம்பந்தி. அந்த மாதிரி பருப்பு நான் எங்கயும் தின்னதில்லை. எம்புள்ளை தண்ணியத் திறந்து விட்டுட்டு அழுவறா. எனக்கு அந்தப் பக்கம் ஒரு ஒலகம் இருக்கறதே தெரியலைங்களாமா. தெரியாத பக்கத்துல நின்னுக்கிட்டா நான் எப்படிங்க தேடி வர்றது? நீங்கதான் என்னைத் தேடி வரோணும்."

பொம்மை கண்ணு கலங்குச்சு. அடேங்கப்பா, அது வரைக்கும் செஞ்சிருக்காங்களேன்னு நெனைச்சுக்கிட்டேன். எனக்கும் கண்ணாடிக்குள்ள மசமசன்னு ஆயிருச்சு. போதும் அம்மிணி, தலை நோவுதுன்னு கண்ணாடியக் கழட்டிக் குடுத்துட்டு நேராத் திரும்பி உட்கார்ந்தேன். கிளி போச்சு. சென்னியப்பனும் போயிட்டாரு. வெறும் மேசைதான் இருக்குது. அது எனக்கு முன்னாடியே தெரியும், கழட்டினாப் போயிரும்னு.

அப்பத்தான் ஒரு சத்தம். யாரோ துண்டுல மூக்கைச் சிந்தறாங்க.

கிளி கத்தி நான் கேட்டிருக்கேன். பொம்மை மூக்கைச் சிந்தி நான் கேட்டதில்லை. ஒடம்பெல்லாம் கூசிப் போச்சுங்க. அத்தனையும் பேசித் தொலைச்சுட்டமேன்னு அப்படியே எந்திரிச்சுக் கதவைப் பாத்துப் போயிரலாம்னு இருந்துது. கதவு சோத்தாங்கைப் பக்கம். எத்தனை பந்தியில எந்திரிச்சுப் போயிருக்கேன், இது ஒண்ணும் பெரிய காரியமில்லை. ஆனா கொழாய்ச் சத்தம் காதுலயே நின்னுது. கிளி இல்லை, கண்ணாடி இல்லை, கழுத்தைத் திருப்புங்கன்னு சொல்ல ஆளில்லை. நானாத் திரும்பினேன். மேசை, ஜன்னல், பீரோ. கழுத்து நோவுது, இன்னும் திரும்பினேன். மூலையில அந்தச் சேரு. சென்னியப்பன் கையில துண்டோட உட்கார்ந்திருக்காரு. பின்னால சிந்துஜா வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறா.

வீட்டுக்கு வந்த ஒறம்பரையக் கேக்கற மாதிரிதான் கேட்டேன்.

"எப்ப வந்தீங்க சம்பந்தி?"

அவரு மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டாரு. எந்திரிச்சு வந்து, என்ற பீச்சாங்கைய எடுத்து ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு.

"இப்பத்தானுங்க சம்பந்தி. இப்பத்தான் உள்ள வர்றேன்."

காலையில இருந்தே அந்தச் சேருல உட்கார்ந்திருந்தாருன்னு ராஜாமணி பொறவு சொன்னா. பெனிட்டாவும் சிந்துஜாவும் மொடக்குறிச்சிக்கே போயி, நோவு என்னன்னு வெவரம் சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்களாம். இருக்கட்டுமுங்க. அவரு இப்பத்தான்னு சொன்னா, இப்பத்தான்.